காண்டர்பரியின் 'சிவப்பு டீன்' ஏன் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை?

கேள்வி:
'சிவப்பு டீன்' எனப்பட்ட ஹியூலெட் ஜான்சன் 1931 முதல் 1963 வரை இங்கிலாந்தின் காண்டர்பரி பேராலயத்தின் டீனாக, அதாவது பேராலயத்தை நிர்வகிக்கும் தலைமைக் குருவாக இருந்தார். சோவியத் ஆட்சியை மேடைதோறும் புகழ்ந்து, 1951இல் ஸ்டாலின் அமைதிப் பரிசும் பெற்ற அவரை, அதே பேராலயத்தைத் தம் இருக்கையாகக் கொண்ட தலைமைப் பேராயர்களால் ஏன் விலக்க முடியவில்லை? டீன் அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்தானே?

மறுமொழி 1:
இல்லை, நண்பரே. காண்டர்பரி டீனை நியமிப்பவர் பிரதமரின் பரிந்துரையை ஏற்கும் மன்னர். ஜான்சனைப் பரிந்துரைத்தவர் அப்போதைய பிரதமர் ராம்சே மெக்டொனால்ட். பேராலயத்தின் வழிபாடும் கட்டடமும் வருவாயும் டீன், கேனன்கள் எனப்படும் பேராலயக் குருக்கள் ஆகியோரைக் கொண்ட குழுவின் பொறுப்பில் இருந்தன. கடுமையான ஒழுக்கக் குற்றமோ கோட்பாட்டுப் பிழையோ திருச்சபை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டாலன்றி அவரை நீக்க வழியில்லை. அரசியல் கருத்து அத்தகைய குற்றமாகாது. 1952இல் சீனா சென்று திரும்பி, கொரியப் போரில் அமெரிக்கா நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கியதாக அவர் குற்றஞ்சாட்டியபோது நாடாளுமன்றமே கொதித்தது. ஆயினும் தலைமைப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் கண்டிக்க முடிந்ததே தவிர, அவரைப் பதவியிறக்க முடியவில்லை. இந்தப் பாதுகாப்பு நல்லதென்றே கருதுகிறேன். ஆட்சியாளருக்குப் பிடிக்காத சொல்லுக்காக ஒரு குரு வேலையிழக்கலாகாது.

மறுமொழி 2:
சட்ட விளக்கம் சரியே. ஆனால் அவருடைய வாழ்வு அந்தச் சர்ச்சைக்குள் அடங்கிவிடுவதில்லை. 1874இல் பிறந்த அவர், மான்செஸ்டரில் பொறியியல் பயின்று, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உழைப்பாளிகளோடு பழகிய பின்னரே குருவானார். 1908 முதல் ஆல்ட்ரிங்காமிலும், 1924 முதல் மான்செஸ்டர் டீனாகவும் பணியாற்றினார். வேலையின்மையும் வறுமையும் அவருக்குக் கண்ணெதிரே நின்ற உண்மைகள். 1942 ஜூனில் ஜெர்மானியக் குண்டுகள் காண்டர்பரியைச் சிதைத்துப் பேராலய நூலகத்தை அழித்தபோதும் அவர் நகரைவிட்டு அகலவில்லை. இவ்வளவு இரக்கம் கொண்டவர், சோவியத் சிறைமுகாம்களில் மடிந்தவர்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை என்பதே என்னால் மன்னிக்க முடியாத ஒன்று.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெளிநாடுகளில் பலர் 'காண்டர்பரி டீன்' என்பவரையும் 'காண்டர்பரி தலைமைப் பேராயர்' என்பவரையும் ஒருவராகவே எண்ணினர். ஆகவே அவர் மாஸ்கோவிலும் பீகிங்கிலும் (பெய்ஜிங்) பேசியவை ஆங்கிலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடாகக் கொள்ளப்பட்டன; ஃபிஷரை உண்மையில் வருத்தியது இதுதான். 1940இலேயே ஜான்சனுடைய சொந்த கேனன்கள், அவர் கருத்துகளில் தங்களுக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்தது.