சாப்பிட்டீர்களா என்பதற்கு அடுத்த கேள்வி

கோபிசெட்டிபாளையம், லொகேஷன் மேனேஜர்:

பத்தொன்பது வருடங்களாகப் படப்பிடிப்புக்கு வீடும் வயலும் பிடித்துக் கொடுக்கிறேன். கோபியில் எந்த வீட்டுத் திண்ணையில் காலை வெயில் எத்தனை மணிக்கு விழும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். யூனிட்டில் எவன் மனதில் என்ன ஓடுகிறது என்றால், போன வருடம் வரை எனக்குத் தெரியாது. கோவையில் இரண்டு நாள் மனநல முதலுதவிப் பயிற்சி என்று அழைத்தபோது, மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றுதான் போனேன். (சுமாராகத்தான் இருந்தது.)

பயிற்சி நடத்திய அம்மையார் முதலிலேயே சொல்லிவிட்டார்: நீங்கள் யாரும் டாக்டர் ஆகப் போவதில்லை. கால் ஒடிந்தவனை ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அசையாமல் பார்த்துக்கொள்வது போல, மனம் ஒடிந்தவனோடு உதவி வரும் வரை இருக்கப் பழகுகிறீர்கள், அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அவருடைய கணவர் அந்தோணி ஜோர்மும் தொடங்கிய பயிற்சி இது. கிச்சனர் ஒரு செவிலியர். தாமே மனச்சோர்வில் அவதிப்பட்டவர். பிரிட்டனில் 2019-இல் திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலாளர்களிடம் எடுத்த கணக்கில் 87 சதவீதம் பேர் தங்களுக்கு எப்போதாவது மனநலச் சிக்கல் வந்திருப்பதாகச் சொன்னார்களாம். பக்கத்தில் இருந்த லைட்மேன், "மீதி 13 பேர் பணம் போடுகிறவர்களாக இருப்பார்கள்" என்றார். அரங்கமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியது அடுத்த பாடத்தில். சந்தேகம் இருந்தால், "தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்க வேண்டுமாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றார். ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்காத ஊர்க்காரர்கள் நாங்கள். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். "சாப்பிட்டீர்களா" என்று எதிரே வருகிற அத்தனை பேரையும் கேட்போம். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தது போல இருக்கும்.

நான்கு மாதம் கழித்துக் கொடிவேரிப் பக்கம் இரவுப் படப்பிடிப்பு. ஜெனரேட்டர் வண்டித் தம்பி இரண்டு நாளாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அதை விட்டுவிட்டேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி டீ கொடுக்கும் பையனிடம் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோதுதான் வயிற்றில் கல் விழுந்தது. தன் பொருளை எடுத்துக் கொடுப்பவனைக் கவனி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

போய் வண்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் டீசல் விலை பேசினோம். பிறகு கேட்டேன், அந்தக் கேள்வியை, அதே வார்த்தைகளில். அவன் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாம் அண்ணா" என்றான்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல வாய் துடித்தது. அதைத்தான் அங்கே முதலில் தடை செய்திருந்தார்கள். சும்மா இருந்தேன். இரண்டு படத்தின் பேட்டா பாக்கி, வட்டிக் கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்தான். சத்தியம் செய்யவில்லை. உன் உயிர் விஷயத்தில் என்னால் ரகசியம் காக்க முடியாது, ஆனால் யாரிடம் சொல்வது என்பதை நீயே சொல் என்றேன். மைத்துனர் பெயரைச் சொன்னான். அவர் அந்தியூரிலிருந்து வண்டியில் வந்து சேரும் வரை நான் எழுந்திருக்கவில்லை. அதற்குள் 14416-க்கு அழைத்து அவனையே பேச வைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 முதல் இருக்கிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மூவருமாகப் போனோம்.

படப்பிடிப்பு நாற்பது நிமிடம் நின்றது. அதற்கு யார் பொறுப்பு என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

உடுமலை, சீரியல் மேக்கப்:

நான் தப்புச் செய்த கதையைச் சொல்கிறேன். பயிற்சிக்கு முந்தைய வருடம், பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் எடுத்துக்கொண்டிருந்தோம். துணை நடிகையாக வந்த பெண்ணுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது, கை விறைத்தது, செத்துவிடுவேன் என்று கத்தினாள். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். நான் முகத்தில் தண்ணீர் அடித்தேன். இருபது பேர் சுற்றி நின்றோம், இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

அது பதற்றத் தாக்கு. ஆட்களை விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, கூடவே நிதானமாக மூச்சு விட்டிருந்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதல் தடவையாக வந்தால், நெஞ்சுவலியும் இருந்தால், இதயக் கோளாறா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், அதை நாமே முடிவு செய்யக்கூடாது. இப்போது என் மேக்கப் பெட்டியோடு வருகிற உதவிப் பெண்ணின் முதல் வேலை செல்போன்களை இறக்கச் சொல்வது. அந்தத் துணை நடிகையை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

சேலம், லைட்மேன்:

நானும் அந்தப் பயிற்சிக்குப் போனவன்தான், 13 பேர் என்று சொன்னதும் நான்தான். நல்ல பயிற்சி. ஆனால் முடித்த அடுத்த வாரம் இரவு இரண்டு மணிக்கு பேக்-அப் சொல்லிவிட்டு, காலை ஆறுக்கு கால்ஷீட் போட்டார்கள். மனம் ஒடியாமல் எப்படி இருக்கும்? முதலுதவி செய்பவனுக்கும் தூக்கம் வேண்டும். பாக்கியைக் கொடுத்திருந்தால் அந்தத் தம்பி கடிகாரத்தைக் கழற்றியிருக்க மாட்டான்.

ஈரோடு, துணை நடிகர் ஏஜென்ட்:

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன், என் ஆட்கள் அடிக்கடி கேட்பது. வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

கோபி, லொகேஷன் மேனேஜர்:

சேலத்து அண்ணா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். பாக்கியில் பாதிதான் வந்திருக்கிறது.

அந்தத் தம்பி தை மாதம் ஆழியாறு லொகேஷனுக்கு வந்திருந்தான், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு. டிபன் நேரத்தில் என்னிடம், "தூங்கினீர்களா அண்ணா?" என்றான். தூங்கினேன் என்றேன். போகாமல் அங்கேயே நின்றான். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அப்புறம் சொன்னேன்.