வீட்டு மரப்பட்டறைக்கு டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்: மலையில் இருப்பவர்கள் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:
மரத்தூசியை இழுக்கும் மெஷின் (டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்) பற்றிக் கீழே சமவெளியில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால், "கதவைத் திறந்து போட்டு ஒரு ஃபேனை வைங்க, போதும்" என்பார்கள். இங்கே ஐப்பசியில் கதவைத் திறந்தால் தூசி வெளியே போவதற்குள் மேகம் உள்ளே வந்துவிடும். அடைத்த கொட்டகையில்தான் வேலை. அதனால் மோட்டாரின் எச்.பி.யைவிட ஃபில்டரைத்தான் பார்த்தேன்.

கோவையில் ஒரு கடையில் 2 எச்.பி. மெஷினைக் காட்டி, "எல்லாத்தையும் இழுத்துரும் சார்" என்றார்கள். இழுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓடும்போது, அதற்கு ஃபில்டராக இருக்கும் துணிப்பையின் பக்கவாட்டில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் மாவு சலிப்பதுபோல் தூசி கசிந்துகொண்டிருந்தது. 30 மைக்ரான் பை அது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதைவிடச் சின்ன தூசி வெளியே வந்துவிடும். நுரையீரல்வரை போவது 10 மைக்ரானுக்கும் குறைவானது. சீவலைப் பெருக்கித் தள்ளிவிடலாம், கண்ணுக்குத் தெரியாததுதான் வம்பு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது.

என்னிடம் இருப்பது சாண்டரும் (மரத்தைத் தேய்க்கும் மெஷின்) ரௌட்டரும்தான் (ஓரமும் பள்ளமும் வெட்டும் மெஷின்). இவற்றின் தூசி வாய் சிறியது, காற்று குறைவாக இருந்தாலும் இழுப்பு பலமாக வேண்டும். ஆகவே வேக்குவம் வகையில் 'எம் கிளாஸ்' (மரத்தூள் போன்ற நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் தரம்) எடுத்தேன். நடுவே டிரம்மோடு ஒரு சின்ன சைக்ளோன், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு. சில்வர் ஓக் பலகையைத் தேய்த்தால் தூள் பெரும்பாலும் டிரம்மிலேயே சுழன்று விழுந்துவிடுகிறது, ஃபில்டர் சீக்கிரம் அடைப்பதில்லை.

குன்னூரிலிருந்து:
அண்ணா, சாண்டருக்கு நீங்கள் சொல்வது சரி. பிளேனர் (இழைப்பு மெஷின்) வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. சீகை (வாட்டில்) மரத்தை இழைத்தால் கொட்டும் சுருளுக்கு வேக்குவம் ஹோஸ் உடனே அடைத்துக்கொள்ளும். 4 அங்குலக் குழாய் வைத்த, நிறையக் காற்றை இழுக்கும் டஸ்ட் கலெக்டர்தான் தாங்கும். நான் துணிப்பையை எடுத்துவிட்டு மடிப்பு ஃபில்டர் மாட்டியிருக்கிறேன். ஹோஸ் நீளம் கூடக்கூட இழுப்பு செத்துவிடும், மெஷினைப் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், அதனால் பகலில் மட்டும்தான் ஓட்டுவது.

கொடைக்கானலிலிருந்து:
ஈரத்தை யாரும் சொல்லவில்லையே! மழைக்காலத்தில் டிரம்மில் விட்டுவைத்த தூள் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கிறது. ஃபில்டர் மடிப்பில் ஈரத்தூள் அப்பிவிட்டால் தட்டினாலும் உதிராது. நான் அன்றன்றே கொட்டிவிடுகிறேன். அப்புறம், மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், நுண்தூசி வெகுநேரம் மிதக்கும்.

கோத்தகிரி அண்ணா, உங்கள் மெஷினுக்கு மாற்று ஃபில்டர் கோவையிலேயே கிடைக்கிறதா, ஆன்லைனில்தான் வாங்க வேண்டுமா?