தோற்ற ராஜா வம்சத்துக்கு ஸ்பெயினில் டியூக் பட்டமா?

தெப்பக்குளத்தான்:
திருமலை நாயக்கர் மகால் பார்க்க வந்த உறவுக்காரப் பையன் "இவங்க வாரிசெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டு வைத்தான். அதைத் தேடப் போய் எங்கெங்கோ சுற்றியதில், ஸ்பெயினில் மொக்தெசுமா டியூக் என்று ஒரு பட்டம் இன்றும் பரம்பரையாக இருப்பது கண்ணில் பட்டது. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் சிறைபிடித்த, அங்கே ஆண்ட ஆஸ்டெக் சக்கரவர்த்தியின் பெயர்தானே அது? ஜெயித்தவனே எதற்குப் பட்டம் கொடுத்தான்?

மேலூர்க்காரன்:
அவரேதான். 1520-ல் அவர் செத்த பிறகு, பேரன் தியேகோ லூயிஸ் ஸ்பெயினுக்குப் போய் அங்கே பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர்கள் மகன் பெத்ரோ தெசிஃபோனுக்கு 1627-ல் ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் கவுண்ட் என்ற, டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம் கொடுத்தார் (இங்கே திருமலை நாயக்கர் ஆட்சி நடந்த சமயம்). 1865-ல் ராணி இரண்டாம் இசபெல் அதை டியூக் ஆக்கினார். பாசத்தில் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய வம்சம் மெக்சிகோவில் உட்கார்ந்து உரிமை பேசுவதைவிட, கண்ணெதிரே பட்டத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்குதான். இதில் கூத்து என்னவென்றால், அந்த வம்சத்துச் சீமாட்டியைக் கட்டிய ஹோசே சர்மியெந்தோ 1696-ல் மெக்சிகோவுக்கே வைஸ்ராயாகப் போய் இறங்கினார்! மொக்தெசுமா வழியினருக்கு மெக்சிகோ கஜானாவிலிருந்து போன பென்ஷன்கூட, அந்நாடு சுதந்திரம் வாங்கி நூறு வருஷம் தாண்டி, 1934-ல்தான் நின்றது.

தெப்பக்குளத்தான்:
சீமாட்டி என்றால், பெண்களுக்கும் பட்டம் போகுமா?

சிவகங்கைச் சீமை:
போகும், ஆனால் அக்கா இருந்தாலும் தம்பிக்குத்தான் முதல் உரிமை, மகனே இல்லாத வீட்டில்தான் மகள் என்பது பழைய வழக்கம். 2006-ல் சட்டம் போட்டு, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கு என்று மாற்றினார்கள். நம் பக்கமும் இந்தச் சண்டை உண்டே. சிவகங்கை ஜமீன்தார் 1829-ல் இறந்ததும் சகோதரர் வழிக்கா, மகளுக்கா என்று வழக்கு தலைமுறைக் கணக்கில் இழுத்து, 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்ன, இங்கே சண்டை நிலத்துக்கு. அங்கே இப்போது வெறும் பெயருக்கு.

மேலூர்க்காரன்:
பெயரும் சும்மா வராது அண்ணே. பட்டக்காரர் இறந்தால் வாரிசு நீதி அமைச்சகத்தில் மனுப் போட்டு, வரியைக் கட்டி, அரசர் பெயரில் வாரிசு ஆணை வாங்க வேண்டும். 1931-ல் குடியரசு வந்து பட்டங்களையே ஒழித்தது, 1948-ல் சர்வாதிகாரி பிராங்கோ திரும்பக் கொண்டுவந்தார். உயர்ந்த வரிசைப் பிரபுக்களுக்கு ராஜதந்திர பாஸ்போர்ட் என்று ஒரு சலுகை மிச்சம் இருந்தது, அதுவும் 1984-ல் போயிற்று. நம் ஊர் ராஜாக்களுக்கு 1971-ல் மானியம் போன மாதிரிதான்.