டிஜிட்டல் மீடியம் வேவ்: பேர் வருது, பேச்சு வரல

மீனா: டிஆர்எம் (டிஜிட்டல் முறைல வர்ற ஒலிபரப்பு) ரேடியோல சிக்னல் கட்டை முழுசா இருக்கு, ஸ்டேஷன் பேரும் தெரியுது. ஆனா ரெண்டு வார்த்தை பேசிட்டு அறுந்துடுது 😟 யாராவது பாருங்களேன்

கதிர்: கட்டையை நம்பாதக்கா. அது இரைச்சலையும் சேர்த்துத்தான் அளக்குது. மெனுல எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேல இருக்குன்னு காட்டுற டெசிபல் அளவு) எவ்வளவு?

மீனா: 11, 12-னு ஆடுது

கதிர்: அதான் விஷயம். பேர் வர்றது எஸ்டிசி-ங்கிற தகவல் பகுதில, கொஞ்சம் மோசமான சிக்னல்லயும் அது தாக்குப்பிடிக்கும். ஒலி எம்எஸ்சி-ங்கிற முக்கியப் பகுதில வருது. அது 64-க்யூஏஎம்-னா (நிறைய டேட்டாவை நெருக்கி அனுப்புற முறை) சுமார் 15 டெசிபல் வேணும். ஒரு டெசிபல் குறைஞ்சாலும் கரகரன்னெல்லாம் வராது, நேரா அமைதிதான்

பாலு சித்தப்பா: ரெண்டு வார்த்தை வந்துச்சுன்னா கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கிற முறை) சரியா இருக்கும்மா. எக்ஸ்ஹெச்இ-ஏஏசி-ங்கிற புது கோடெக் தெரியாத பழைய ரிசீவரா இருந்தா எஸ்என்ஆர் 25 காட்டினாலும் ஒரு எழுத்துகூட பேசாது. அப்போ ஏரியலைத் திருப்பிப் பிரயோஜனமில்ல, சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னுதான் பாக்கணும்

வசந்தி அத்தை: மீனா, வீட்டு இரைச்சலை முதல்ல கண்டுபிடி. பேட்டரில ஓடுற சாதா ஏஎம் ரேடியோ ஒண்ணு எடு. ஸ்டேஷன் மேலயே வைக்காதே, டிஜிட்டல் சிக்னலே அதுல அருவி மாதிரி ஷ்ஷ்னு கொட்டும், மத்தது எதுவும் கேக்காது. 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி காலி இடத்துல வை. அங்க ஙொய்ங்னு கேட்டா அது வீட்டுக்குள்ள இருந்து வர்றது

கதிர்: முள்ளை மெதுவா நகர்த்திப் பாரு. அதே ஙொய் சம இடைவெளில திரும்பத் திரும்ப வந்தா சார்ஜரோ எல்இடி லைட்டுக்கு கரண்ட் மாத்திக் குடுக்கிற டிரைவரோதான். உதாரணத்துக்கு 65 கிலோஹெர்ட்ஸ்ல சுவிட்ச் ஆகுற அடாப்டர்னா அதோட மடங்கான 585, 650, 715-ல தலைகாட்டும்

மீனா: கேக்குது! 🙄 எது போடுதுன்னு எப்படிப் பிடிக்கிறது?

வசந்தி அத்தை: டிஆர்எம் ரேடியோவையும் பேட்டரிக்கு மாத்திட்டு மெயினை அணை. எஸ்என்ஆர் ஏறுதான்னு பாரு. ஏறினா பிளக்குகளை ஒவ்வொண்ணா திரும்பப் போடு. ஒவ்வொண்ணுக்கும் 5 விநாடி பொறு. டேட்டா ரெண்டு விநாடிக்கு மேல கலைச்சுப் பரப்பி வர்றதால உடனே பலன் தெரியாது. அவசரப்பட்டா தப்பான பொருளைக் குத்தம் சொல்லுவோம்

மீனா: மெயின் ஆஃப் பண்ணதும் 18! தெளிவா பேசுது. லேப்டாப் அடாப்டரை மாட்டினதும் 12

பாலு சித்தப்பா: அதுக்கு ஃபெரைட் வளையம் (ஒயர்ல வர்ற இரைச்சலைத் தடுக்கிற காந்தப் பொருள்) போடு. மிக்ஸ் 31-ங்கிற வகை, பெரிய சைஸ். டிசி ஒயர் ரெண்டு கம்பியையும் சேர்த்தே 8-10 சுத்து, அடாப்டர் பக்கமா. கவ்வுற மாதிரி விக்கிறதை ஒரு தடவை மட்டும் மாட்டினா மீடியம் வேவுக்கு உதவாது. சுத்தோட வர்க்கத்துக்குத்தான் தடை கூடும், 10 சுத்துன்னா ஏறக்குறைய 100 மடங்கு

கதிர்: மெயின் பக்க ஒயருக்கும் ஒண்ணு போட்டா நல்லது. சுத்துக்காக ஒயரை உரிக்கவோ வெட்டவோ வேண்டாம், அப்படியே வளையத்துக்குள்ள கோத்துடு

வசந்தி அத்தை: இன்னொண்ணு, ரேடியோவைத் திருப்பி வை. உள்ள இருக்கிற ஃபெரைட் தண்டோட முனை எந்தப் பக்கம் பாக்குதோ அங்கிருந்து வர்றது குறைஞ்சு போகும். ஸ்டேஷனை உச்சத்துல பிடிக்கிறதைவிட அடாப்டரை அந்த முனைக்கு நேரா கொண்டுவர்றதுதான் லாபம். 15 டிகிரி திருப்பு, 5 விநாடி பொறு, எஸ்என்ஆரை எழுதிக்கோ

மீனா: ஆம்ப்ளிஃபையர் வெச்ச லூப் (வளைய) ஏரியல் வாங்கலாமா?

பாலு சித்தப்பா: ஆம்ப்ளிஃபையர் இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். பக்கத்துலயே பலமான ஸ்டேஷன் இருந்தா ரிசீவர் திணறி எஸ்என்ஆர் இன்னும் இறங்கும். அப்போ சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் போட்டாத்தான் ஏறும். லூப்பை வீட்டு ஒயரிங்ல இருந்து தள்ளி வெளிய வைக்க முடிஞ்சா வாங்கு, முடியலைன்னா வேண்டாம்

மீனா: சரி சித்தப்பா. பகல்ல 18 வந்தது, இருட்டினப்புறம் 9-க்கு விழுந்து திரும்ப ஏறுது. அதுவும் அடாப்டரா?

கதிர்: இல்லக்கா. ராத்திரில மேல் வானத்து அயனமண்டலத்துல, பகல்ல இந்த அலையை உறிஞ்சுற டி அடுக்கு கலைஞ்சிடும். அதே ஸ்டேஷனோட அலை வானத்துல பட்டுத் திரும்பி, தரையோட வர்ற அலையோட மோதி அடிச்சுக்குது. லூப்பைத் திருப்பினா பெருசா தீராது. தூரத்து ஸ்டேஷன் ஒண்ணு அதே அலைவரிசைல ஏறி வந்தா மட்டும் லூப்பால அதை அமுக்கலாம்

வசந்தி அத்தை: சாயங்காலம் 5-ல இருந்து 8 வரைக்கும் கால் மணிக்கு ஒரு தடவை எஸ்என்ஆரைக் குறிச்சு இங்க போடு மீனா. வளையம் போட்டப்புறம் இன்னொரு நாள் அதே நேரத்துல எடு. பகல் அளவையும் ராத்திரி அளவையும் கலந்து ஒப்பிடாதே