கொலுசுப் பட்டறைக்குச் செயலி செய்து கொடுத்தோம், ஒரே வாரத்தில் நோட்டுக்குத் திரும்பிவிட்டார். எங்கே தப்பு?

லைன்மேடு_27:

வணக்கம். சேலத்தில் நானும் கூடப் படித்த நண்பனும் சேர்ந்து வெள்ளிப் பட்டறைகளுக்கு ஒரு கணக்குச் செயலி செய்திருக்கிறோம். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, டச் (வெள்ளியின் தரம்) என்ன, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு, எல்லாம் அதுவே கணக்குப் போட்டுவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்த ஒரு பட்டறைக்காரருக்கு இலவசமாகவே போட்டுக் கொடுத்தோம். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் பழைய நீள நோட்டு மேஜை மேல் இருக்கிறது, போன் சார்ஜில் கிடக்கிறது. "கணக்கெல்லாம் சரியாத்தான் வருது தம்பி, ஆனா நோட்டே சுலபமா இருக்குதுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

நண்பன் இன்னும் நாலு வசதி சேர்க்கலாம் என்கிறான். எனக்கென்னவோ பெரிய வசதி எதுவும் குறையவில்லை, சின்னச் சின்ன இடத்தில்தான் எங்கேயோ உறுத்துகிறது என்று படுகிறது. அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளும் பூச்சு வேலை என்று அவன் அடித்துச் சொல்கிறான். இதை அனுபவித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குகைக்காரன்:

கணக்கு சரி, கை ஓடவில்லை. அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். முதலில் ஒன்று சொல்லுங்கள், எடைக் கட்டத்தைத் தொட்டால் எந்தக் கீபோர்டு வருகிறது? எழுத்துக் கீபோர்டு வந்து, அதிலிருந்து எண்ணுக்கு மாற்றி, அப்புறம் புள்ளி தேட வேண்டும் என்றால் ஆள் அங்கேயே சலித்துவிடுவார். எந்தக் கீபோர்டு வர வேண்டும் என்று நிரலில் சொல்கிற இன்புட்மோடில் நியூமெரிக் என்று கொடுத்திருந்தால் ஐபோனில் 0 முதல் 9 வரைதான் வரும், புள்ளியே இருக்காது. டெசிமல் என்று கொடுத்தால்தான் புள்ளி வரும். ஒரே ஒரு சொல் வித்தியாசம். 125.5 கிராம் என்று அடிக்க வழியில்லாமல் 125 என்று போட்டுவிட்டால் அந்த அரை கிராம் யார் தலையில் விழும்? கட்டத்தின் வகையை டைப் நம்பர் என்று வைத்திருந்தால் கம்ப்யூட்டரில் இன்னொரு வில்லங்கம், கட்டத்துக்குள் கர்சர் நிற்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் எண் தானாக மாறிவிடலாம். யாருக்கும் தெரியாமல் மாறும், அதுதான் பயம்.

பொத்தான் அளவும் பாருங்கள். ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது, கூகுள் 48 டிபி என்கிறது, இரண்டும் திரையில் அளக்கிற அலகு, 48 டிபி என்றால் சுமார் 9 மில்லிமீட்டர். அது சாதாரண விரலுக்கு. பாலீஷ் போட்டுக் கறுத்த கையை லேசாகத் துடைத்துவிட்டு விரல் ஓரத்தால் தொடுகிறவருக்கு இன்னும் பெரிதாகவே வையுங்கள். கூலித் தொகையை 125,000 என்று காட்டாமல் 1,25,000 என்று காட்டுகிறீர்களா? மொழி அமைப்பில் இந்தியாவைக் கொடுத்தால் அதுவே பிரித்துக்கொள்ளும். காற்புள்ளி இடம் மாறினால் நம்மூர்க் கண் ஒரு கணம் தடுமாறும், அந்த ஒரு கணம் நாளைக்கு ஐம்பது முறை.

அரைப்புள்ளி:

மேலே சொன்னதோடு தமிழையும் சேர்த்துப் பாருங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். பெயரை எட்டு எழுத்தில் வெட்டுகிற ஒரு நிரல் எழுதினேன், செல்வராணி அக்கா பெயர் "செல்வராண" என்று நின்றது. நமக்குக் "கொலுசு" மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு, கொம்பும் உகரமும் தனித்தனிக் குறி. வெட்டுவதென்றால் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிற இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) மாதிரி எழுத்து எல்லை தெரிந்த ஒன்றை வைத்து வெட்ட வேண்டும், அல்லது வெட்டாமல் அடுத்த வரிக்கு விட்டுவிட வேண்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு, ஆள் பெயரை வெட்ட நாம் யார்?

இன்னொன்று இதைவிடக் குசும்பு. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியாக ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் ஒரே மாதிரி இருக்கும், தேடினால் அகப்படாது. ஒரு கீபோர்டில் அடித்த கோபால் இன்னொரு கீபோர்டில் தேடினால் காணாமல் போவார், நீங்கள் ராத்திரி முழுக்க டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்கிற, ஒற்றைக் குறியாகச் சேர்த்து வைக்கிற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள் என்றால் தமிழில் ஒரு மெசேஜுக்கு 70 குறிதான், ஆங்கிலத்தில் 160. எழுபதைத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரிந்து இரண்டு மெசேஜ் காசு. "அன்புடையீர் வணக்கம்" என்று ஆரம்பித்தாலே கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

ஏற்காட்டு மிளகு:

எனக்கு நிரல் கிரல் எதுவும் தெரியாது, உபயோகிக்கிற ஆள் நான். மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். போன பருவத்தில் பழம் எடை போட ஒரு செயலி கொடுத்தார்கள். கிலோ கணக்கில் கூலி என்பதால் ஆளுக்கு ஆள் எடை ஏற்ற வேண்டும். சாயங்காலம் பனி இறங்குகிற நேரம், எதிரே சாக்கோடு முப்பது பேர் வரிசை. சேமி என்பதை அழுத்தினால் திரையில் ஒரு மாற்றமும் இல்லை. சிக்னலும் அப்படி. மறுபடி அழுத்துவேன். சனிக்கிழமை கூலி போடும்போது பார்த்தால் பாதிப் பேருக்கு இரட்டை எடை. அதிகமாக வந்தவர்கள் சும்மா இருந்தார்கள், சரியாக ஏறினவர்கள் எனக்கு மட்டும் ஏன் குறைவு என்று பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன நேரத்தைக் கேட்காதீர்கள்.

அப்புறம் நிறம். பழுத்த பழத்தைப் பச்சையிலும் காயைச் சிவப்பிலும் காட்டியது அது. பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் தப்பு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சிவந்ததுதான் பழம், பச்சை என்றால் பறித்திருக்கவே கூடாத காய். தினமும் ஒரு தடவையாவது மாற்றிப் போட்டேன். செய்தவர் ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து என் பக்கத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

குகைக்காரன்:

மிளகு அண்ணா, பச்சையும் சிவப்பும் விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன், மன்னிக்கவும். இரட்டைப் பதிவுக்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் போட்டு அனுப்பினால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் ஒதுக்கிவிடும். ஆனால் முதல் மருந்து அதுவல்ல, அழுத்தினதும் பொத்தான் மாறியாக வேண்டும். பயன்பாட்டு எளிமையை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவைத்த கணக்கு: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 நொடிக்கு மேல் போனால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். நெட் இல்லாவிட்டாலும் "போனில் இருக்கிறது, இன்னும் போகவில்லை" என்று உண்மையைக் காட்டலாம். போகாததற்குப் பச்சை டிக் போடுவது பொய்.

தட்டுவடை செட்:

கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். சின்ன விஷயம், சின்ன விஷயம் என்று நான் ஒரு தடவை பொத்தான் நிழலுக்கும் திரை நகர்வுக்கும் இரண்டு மாதம் செலவழித்தேன், அதற்குள் கேட்டவர் வேறு ஆளிடம் போய்விட்டார். எல்லாச் சின்னதும் ஒரே சின்னது இல்லை. கிராமோ ரூபாயோ ஆள் பெயரோ தப்பாகப் போகிற இடத்தை முதலில் பாருங்கள். நிழல் அடுத்த வருஷம்.

லைன்மேடு_27:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை காலையிலிருந்து மதியம் வரை பட்டறையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன், வாயே திறக்கவில்லை. அவர் தராசில் வைத்து ஆள் பெயரையும் எடையையும் சத்தமாகச் சொல்கிறார், அவர் மனைவி நோட்டில் எழுதுகிறார். பெயர், எடை, டச், அவ்வளவுதான். எங்கள் செயலி தேதி, ஆர்டர் எண், கொலுசு வகை, டச் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பெயரும் எடையும் கேட்கிறது. அந்த அம்மா முதலில் காதில் விழுந்ததை மனசில் வைத்துக்கொண்டே மற்ற நாலு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். போனைத் தொடப்போவது அவர்தான் என்பதே எங்களுக்குத் தெரியாது, இத்தனை நாள் கணவரிடமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வரிசையை நோட்டு மாதிரியே மாற்றிவிட்டோம், தேதி தானாக விழும், டச் அந்த ஆளுக்குக் கடைசியாகப் போட்டதே நிற்கும். "நிச்சயமாகச் சேமிக்கவா?" என்ற பெட்டியைத் தூக்கிவிட்டு, சேமித்த பிறகு திருத்த ஒரு பொத்தான் வைத்தோம். நேற்று முழுநாளும் அந்த அம்மா போனிலேயே ஏற்றினார். நோட்டு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, கேட்டதற்கு "இருக்கட்டும் சாமி" என்றார்.

எஸ்எம்எஸ்ஸை இன்னும் தொடவில்லை. இப்போது 94 குறி.

அரைப்புள்ளி:

வணக்கத்தை எடுங்கள், 70-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.