248 செயற்கைக்கோள்களும் நம்முடைய 70 சென்டிமீட்டர் பேண்டும்

கீழ்வட்டம்:
ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் விஷயத்தில் ஹாம்கள், அதாவது நம்மைப் போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், போடும் கூச்சல் கொஞ்சம் அதிகம்தான். சாதாரண கைபேசிக்கு விண்ணிலிருந்து நேரடி இணைப்பு தரப்போகும் நிறுவனம் அது. தன் 248 செயற்கைக்கோள்களைக் கட்டுப்படுத்த நம் 70 சென்டிமீட்டர் பேண்டான 430–440 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்திக்கொள்ள அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் அனுமதி கேட்டது, 2025இல் அதன்மேல் கருத்துக் கேட்டதும் எதிர்ப்பு குவிந்துவிட்டது. சரி, பேண்ட் முழுவதையுமா கேட்டார்கள்? ஐந்தே அலைவரிசை, ஒவ்வொன்றும் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மிகாமல். கூட்டினால் பேண்டில் நாற்பதில் ஒரு பங்கு. கைபேசி அழைப்பு எதுவும் இதில் வராது, கட்டளை அனுப்பவும் டெலிமெட்ரி (கோளின் நிலைத் தகவல்) வாங்கவும் மட்டும்தான்.

யாகிப்பிரியன்:
அந்த ஐந்தில் ஒன்று 435.9. அதைச் சுற்றி 50 கிலோஹெர்ட்ஸ் போட்டால் 435.875 முதல் 435.925 வரை வருகிறது. ஜப்பான் 1996இல் ஏவிய ஹாம் செயற்கைக்கோள் எஃப்ஓ-29இன் டவுன்லிங்க் (கோளிலிருந்து தரைக்கு வரும் அலை) 435.8 முதல் 435.9 வரை, அதாவது அதன் மேல் கால்வாசி அப்படியே அடிபடும். பேட்டரி போய், வெயில் பட்டால் மட்டும் உயிர் வரும் கிழம் அது. அதன் சிக்னலைக் கையில் யாகி என்ற திசை ஆண்டெனாவைப் பிடித்துத் திருப்பித் திருப்பித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கோளின் வேகத்தால் அலைவெண் மாறும் டாப்ளர் விளைவால் இரண்டு பக்கமும் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை நகர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நாற்பதில் ஒரு பங்கு" கணக்கு காகிதத்தில்தான் அழகு.

கீழ்வட்டம்:
ஒரு பழைய செயற்கைக்கோளின் கால்வாசிக்காக ஒரு தொழிலையே நிறுத்தச் சொல்கிறீர்களா? அப்புறம் இன்னொன்று. அலைவரிசை ஒதுக்க உலகை மூன்றாகப் பிரித்ததில், ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய மண்டலம் 1ஐத் தவிர மற்ற இரண்டு மண்டலங்களிலும் இந்த பேண்டில் நாம் இரண்டாம் நிலைப் பயனர்கள்தான். அமெரிக்காவில் முதல் உரிமை அரசு ரேடார்களுக்கு. குடக்கூலிக்கு இருப்பவர் பக்கத்து அறைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்ல முடியாது.

மோர்ஸ்தாத்தா:
தம்பி, இரண்டாம் நிலை என்பதும் ஒதுக்கீடுதான். வருகிறவருக்கு என்ன இருக்கிறது? செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு டெலிமெட்ரி அனுப்ப இந்த பேண்டில் சர்வதேச ஒதுக்கீடே கிடையாது. சர்வதேச வானொலி விதிகளின் 4.4ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். அதுவோ, யாருக்கும் இடையூறு செய்யாதே, உனக்கு இடையூறு வந்தால் புகார் சொல்லாதே என்கிறது. 248 கோள்கள் சுற்றும்போது முதல் பாதியை எப்படிக் காப்பாற்றுவார்கள்?

பட்டைநோக்கி:
சின்னத் திருத்தம். 433.75–434.25 விண்வெளி இயக்கத்துக்கு, தரையிலிருந்து மேலே போகும் திசையில் மட்டும், சில இடங்களில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே விதிகளின் 5.281ஆம் அடிக்குறிப்பைப் பாருங்கள், இந்தியா பெயரும் அதில் இருக்கிறது. கேட்ட ஐந்தில் 434.1 அதற்குள் விழும்.

மோர்ஸ்தாத்தா:
ஒப்புக்கொள்கிறேன். மீதி நாலு?

கீழ்வட்டம்:
இடையூறு என்று எல்லாரும் சொல்கிறீர்கள், எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

யாகிப்பிரியன்:
போட்டுப் பார்ப்போம். 500 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்கு மேலே ஒரு கோள், 1 வாட், ஆண்டெனா லாபம் இரு பக்கமும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். 435 மெகாஹெர்ட்ஸில் பாதை இழப்பு (வழியில் சிக்னல் தேயும் அளவு) சுமார் 139 டிபி (டெசிபெல்), ஆக ரிசீவரில் மைனஸ் 109 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் மைனஸ் 127. முழு அகலத்திலும் பரவினால்கூட இரைச்சலுக்கு மேல் 18 டிபி ஏறி உட்காரும். நிலாவில் பட்டுத் திரும்பும் சிக்னலைக் கேட்பவர்கள் 432இல் ஒரு டிபிக்காகக் கேபிளை மாற்றுகிறவர்கள். ஐந்தில் இன்னொன்று 432.3. இதற்கு மேல் என்ன சொல்ல.

கூடவே இதையும் பாருங்கள்: அந்த உயரத்தில் ஒரு கோளின் பார்வைக்குள் பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய 3.6 சதவீதம் வரும். 248ஐ அதால் பெருக்கினால் எந்நேரமும் சராசரியாக ஒன்பது கோள் நம் வானில்.

கீழ்வட்டம்:
ஒன்பதும் ஒரே நேரத்தில் கத்தாது. தரை நிலையத்துக்கு மேலே போகும்போதுதான் பேசும். ஏஎஸ்டியின் முதல் ஐந்து கோள்களான ப்ளூபேர்டுகளுக்கு எஃப்சிசி கொடுத்ததும் அவசரத்துக்கு மட்டும், அமெரிக்காவுக்கு வெளியே மட்டும். கோள் நிலைகுலைந்து உருள ஆரம்பித்தால் குறுகிய பீமை வைத்துப் பிடிக்க முடியாது, எத்திசையும் கேட்கும், இந்த அலைவெண் வரம்பான யுஎச்எஃப் ஆண்டெனாதான் காப்பாற்றும். கட்டுப்பாடு போன கோள் மற்றவற்றின்மேல் மோதினால் நம் பாஸும் (ஹாம் கோள் நம் வானைக் கடக்கும் நேரம்) போகும்.

மோர்ஸ்தாத்தா:
"அமெரிக்காவுக்கு வெளியே" என்பதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். அனுமதி கொடுப்பது அங்கே, இரைச்சலைக் கேட்பது மற்றவர்கள். அவசரத்துக்கு யுஎச்எஃப் வேண்டும் என்றால் தரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? டவுன்லிங்குக்கு விண்வெளி இயக்கத்துக்கென்றே 401–402 இருக்கிறது.

கீழ்வட்டம்:
மேலே போய்விட்ட ரேடியோவை யார் கழற்றி மாற்றுவது?

மோர்ஸ்தாத்தா:
மேலே போனது போகட்டும். தரையில் இன்னும் இருநூறுக்கு மேல் இருக்கிறதே, அதை மாற்றலாமே.

பட்டைநோக்கி:
435.9இல் ஏதாவது கேட்டால் வாட்டர்ஃபால் படத்தோடு (சிக்னலை நேரப்படி காட்டும் படம்) யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் போடுங்கள். எந்தக் கோள் என்று சுற்றுப்பாதையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். நேரம் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு எந்த மனுவும் நிற்காது.