ஆபரேஷன் இல்லாமல் மேல் இமையைத் தூக்க வழி உண்டா?

மல்லிகா52:

எல்லோருக்கும் வணக்கம். வயது 52, கணக்கு டீச்சர். கொஞ்ச காலமாகவே என் மேல் இமைகள் இறங்கிக்கொண்டு வருகின்றன, இடது பக்கம் கூடுதலாக. மை தீட்டினால் மடிப்புக்குள் போய் அப்பிக்கொள்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து வகுப்புக்குப் போனாலும் "உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது நெற்றி இறுக்கிப் பிடிக்கிறது.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தோழி ஒருத்தி நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். நீயும் போடு, இமையும் சேர்ந்து ஏறிவிடும் என்கிறாள். இமையில் ஒட்டும் டேப், கிரீம், கண் பயிற்சி, சொட்டு மருந்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது உண்மையில் வேலை செய்யும்? பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து ஹார்ட் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நைட்ஷிப்ட்:

நான் டேப் ஒட்டுகிறவள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒட்டின உடனே பலன் தெரியும், கழற்றின உடனே போய்விடும். விசேஷத்துக்கோ போட்டோவுக்கோ நல்லது. தினமும் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். பிய்த்து எடுக்காமல் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்க. ரொம்ப மேலே இழுத்து ஒட்டினால் கண் முழுசாக மூடாது, சாயங்காலத்துக்குள் கண் காய்ந்து எரியும்.

கண்ணாடிப்பெட்டி:

மல்லிகா மேடம், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பார்வையைச் சோதிக்கிற வேலை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எந்த சிகிச்சை என்று யோசிப்பதற்கு முன்னால், உங்களுக்கு இறங்கியிருப்பது எது என்று தெரிய வேண்டும். இமையின் விளிம்பே இறங்கியிருக்கலாம். விளிம்பு சரியாக இருந்து, மேலே உள்ள தோல் தொங்கி அதை மூடலாம். புருவம் கீழே வந்து எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தலாம். கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கான வழி இன்னொன்றுக்கு உதவாது. காசு கொட்டி ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வீட்டிலேயே ஒரு முறை பாருங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், நேராகப் பார்த்து நில்லுங்கள். புருவத்தை விரலால் மெதுவாக அழுத்தி, நெற்றி மேலே இழுக்காதபடி பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தொங்கும் தோலை மட்டும் ஒரு பஞ்சுக் குச்சியால் லேசாக ஒதுக்கி, முடி முளைக்கும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கண்மணியின் நடுவில் விழும் வெளிச்சப் புள்ளியிலிருந்து மேல் விளிம்பு வரை சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். விளிம்பு கண்மணியை நெருங்கியிருந்தால் அது விளிம்பின் பிரச்சினை. மருத்துவர்கள் டோசிஸ் என்பார்கள்.

உங்கள் தோழி சொன்ன போடாக்ஸ் பற்றித்தான் எனக்குப் பயம். இமை இறங்கியவர்கள் தங்களுக்கே தெரியாமல் நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். உங்கள் நெற்றி இறுக்கம் அதனால் இருக்கலாம். அந்தத் தசையை ஊசியால் தளர்த்தினால் இருக்கிற பிடிமானமும் போய், கண் இன்னும் மூடிக்கொள்ளும். புருவத்தைத் தூக்க போடாக்ஸ் போடுவது வேறு. அதில் புருவத்தின் வெளி ஓரத்தைக் கீழே இழுக்கும் தசையில் மட்டும் கொஞ்சமாகப் போடுவார்கள். ஓரிரு மில்லிமீட்டர் ஏறும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். விளிம்பு இறங்கியவர்களுக்கு அதனால் பலன் இல்லை. மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவிவிட்டால், இல்லாத சரிவு புதிதாக வந்து பல வாரம் நிற்கும்.

விளிம்புச் சரிவுக்கென்று உள்ள சொட்டு மருந்து 0.1% ஆக்ஸிமெட்டாசோலின். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இமைக்குள் முல்லர் தசை என்று ஒரு சின்னத் தசை உண்டு. மருந்து அதைச் சுருங்க வைக்கும். நாளுக்கு ஒரு சொட்டு, ஏற்றம் சராசரியாக 1 மில்லிமீட்டர் அளவு, சில மணி நேரம் நிற்கும். 1 மில்லிமீட்டர் என்றால் சின்னதாகத் தோன்றும், முகத்தில் அது நன்றாகவே தெரியும். ஆனால் குணமாக்காது, மறுநாள் மறுபடி விட வேண்டும். தொங்கும் தோலுக்கு இதனால் பயனில்லை. பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களும், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகிய கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் விடக்கூடாது. லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு, 15 நிமிடம் கழித்துத்தான் மறுபடி போட வேண்டும். ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இதே மருந்து மூக்கடைப்புக்கு ஸ்பிரேயாக வருகிறது. யார் சொன்னாலும் அதைக் கண்ணில் விடாதீர்கள்.

தோல் மட்டும் தளர்ந்தவர்களுக்கு லேசர், ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் என்று இருக்கின்றன. புருவம் தூக்க அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. லேசான தளர்ச்சிக்குக் கொஞ்சம் இறுகும், மடிந்து தொங்கும் தோலுக்குப் போதாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் சூடு கருந்தழும்பை விட்டுப்போகலாம். அதைச் செய்கிறவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். புருவத்துக்கு அடியில் ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கடியில் நிரப்பும் ஜெல், போட்டால் லேசாக உயரம் கிடைக்கும். ஆனால் மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகக்கூடும். அபூர்வம்தான், ஆனாலும் அழகுக்காக அந்த அபாயத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிரீம் தோலுக்கு ஈரப்பதம் தரும், இமையைத் தூக்காது. பயிற்சியும் அப்படியே. இமையைத் தூக்கும் தசையை இமையோடு இணைக்கும் நார் விலகி நிற்கும்போது, தசையை எவ்வளவு உருட்டினாலும் விளிம்பு ஏறாது.

மல்லிகா52:

ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இடது பக்கம் தோலை ஒதுக்கினாலும் விளிம்பு கீழேதான் இருக்கிறது. வலது பக்கம் தோல் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் இடது கண் இன்னும் இறங்குகிறது. அதில் பயப்பட எதாவது இருக்கிறதா?

கண்ணாடிப்பெட்டி:

நல்ல வேளை கேட்டீர்கள். நாள் முழுக்க உழைத்த கண் மாலையில் சற்று இறங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் காலையில் நன்றாக இருந்து மாலையில் வெகுவாக இறங்கினாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, மெல்லுவதும் விழுங்குவதும் சோர்வாக இருந்தாலோ மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயைச் சோதிக்க வேண்டும். மூடிய கண் மேல் ஐஸை 2 நிமிடம் வைத்து இமை ஏறுகிறதா என்று பார்ப்பது மருத்துவமனையில் செய்கிற எளிய சோதனை. திடீரென்று இறங்கினாலோ, கடுமையான தலைவலியோ கழுத்து வலியோ சேர்ந்தாலோ, இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூளை ரத்தக் குழாயில் பிரச்சினை இருந்தாலும் முதலில் இமையில் தெரியலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் ஹார்ட் லென்ஸ் மேல்தான். தினமும் இமையை இழுத்துப் போட்டு எடுப்பதில் அந்த நார் மெல்ல விலகும். பல வருடம் போட்டவர்களிடம் பார்த்திருக்கிறேன். இமை சிகிச்சை தெரிந்த கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். முல்லர் தசையைச் சுருங்க வைக்கும் 2.5% ஃபீனைலெஃப்ரின் சொட்டை விட்டு, சில நிமிடத்தில் இமை எவ்வளவு ஏறுகிறது என்று அங்கேயே அளந்து சொல்வார்கள். பி.பி. பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடது இமை ஏறும்போது வலது இமை சற்று இறங்கலாம். இரண்டுக்கும் மூளை ஒரே அளவில்தான் கட்டளை அனுப்புகிறது. அதனால் இரண்டு கண்ணையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின்மகன்:

யாரும் சொல்லாத ஒன்று. என் அப்பாவுக்கு மயஸ்தீனியா. கண்ணாடி ஃபிரேமில் உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பி பொருத்தி இமையைத் தாங்க வைத்தார்கள், டோசிஸ் கிரட்ச் என்று பெயர். கண் சிமிட்டுவது குறையும் என்பதால் செயற்கைக் கண்ணீர் சொட்டு கூடவே விட வேண்டும். ஆனால் அவர் மறுபடி பேப்பர் படிக்கிறார்.

மல்லிகா52:

மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை கண்ணாடிதான், லென்ஸ் வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். பழைய போட்டோ கொண்டு போனால் உதவுமா?

கண்ணாடிப்பெட்டி:

கட்டாயம் கொண்டு போங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படம் ஒன்றும், அதற்குப் பிறகு எடுத்தது ஒன்றும் போதும். நேராகப் பார்த்து, சிரிக்காமல் எடுத்ததாக இருக்கட்டும்.